கதவுப் பக்க இறக்கை

தடால்!

தகரக் கூரை இரண்டாகப் பிளந்தது போல ஒரு சத்தம். கூடவே எதுவோ சரசரவென்று சரிந்து வந்து, ஓரத்துத் தண்ணீர்க் குழாயில் முட்டி நின்றது. இஸ்திரியக்கா பெட்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

தெருவில் எல்லாருக்கும் அவள் இஸ்திரியக்காதான். வீட்டின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்த பத்தடி அறைதான் அவளுடைய தொழிற்சாலை. நீள மேசை, அதன் மேல் நாலு மடிப்புக் கம்பளி, அதற்கு மேல் வெள்ளைத் துணி. ஒரு தங்கும் விடுதியின் படுக்கை விரிப்புகளும் தெருவிலுள்ளவர்களின் சட்டைகளும் அங்கேதான் மடிப்பு வாங்கிப் போகும். பதினைந்து வருடமாக ஒரு துணியிலும் சூட்டுக் கறை விழுந்ததில்லை என்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமை அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகாலுக்கு முடிந்தது. விடுதித் தலையணை உறை ஒன்றின் நடுவே முக்கோணமாகப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது.

அவள் அதைக் கவனிக்கவே இல்லை. சத்தத்தைக் கேட்டு அவள் கணவர் டிரைவர் தன் படுக்கையறையைவிட்டு வெளியே வந்திருந்தார். அதைத்தான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதமாக டிரைவர் அந்த அறையைவிட்டுச் சாப்பாட்டுக்கும் குளிப்பதற்கும் தவிர வெளியே வந்ததில்லை. மத்தியானம் தூங்கும்போது அவருடைய இடது கால் மட்டும் கிளச்சை மிதிக்கும். அவள் வாசலில் நின்று அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு போய்த் துணியைத் தேய்ப்பாள்.

டிரைவர் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் அவருக்குக் கண்டக்டராக இருந்தவர் அவருடைய மச்சான், அதாவது இஸ்திரியக்காவின் சொந்த அண்ணன். டிப்போவில் மச்சானுக்கு 'ரைட்டு' என்றே பெயர். பஸ் கிளம்ப எல்லாக் கண்டக்டரும் ரைட்டு சொல்வார்கள். இவர் எதற்கும் சொல்வார். சாப்பிட்டு எழுந்தால் ரைட்டு, போனை வைக்கும்போது ரைட்டு, சண்டை ஓய்ந்தால் ரைட்டு. தங்கைக்கு டிரைவரைப் பேசி முடித்த அன்றும் அவர் சொன்ன ஒரே சொல் அதுதானாம்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு மாலை. டிப்போவில் பஸ்ஸைக் கழுவுவதற்காக டிரைவர் பின்னால் எடுத்தார். பின்னால் நின்று வழிகாட்டினார் மச்சான். "வரலாம்... வரலாம்..." என்றார். பிறகு "ரைட்டு" என்றார். டிரைவர் வந்தார். பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவே மச்சானின் கால் மாட்டிக்கொண்டது. இரண்டு எலும்பு போயிற்று. இப்போது உள்ளே கம்பி, வெளியே ஊன்றுகோல்.

விசாரணை வந்தது. "ரைட்டுன்னான், வந்தேன்" என்றார் டிரைவர். "ரைட் சைடு ஒடிங்கிற அர்த்தத்துல சொன்னேன், அவர் நேரா வந்துட்டாரு" என்றார் மச்சான்.

அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று டிரைவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினார். "டிப்போவுல எவனாவது பக்கத்தைச் சொல்றதுக்கு ரைட்டும்பானா? கதவுப் பக்கம், டிரைவர் பக்கம்னுதான சொல்லுவோம்? ரைட்டுன்னா போலாம்னு அர்த்தம். பஸ்ஸுல ஏறுற கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். உங்கண்ணன் வேணும்னே பொய் சொல்றான். அவன் கால் போனதுக்கு என் கையைக் கேக்குறான்!"

இஸ்திரியக்கா தேய்த்த சட்டையையே மறுபடி தேய்த்தாள். அன்றோடு அண்ணன் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. விசாரணை முடியும்வரை டிரைவர் வேலைக்கு வர வேண்டாம் என்று காகிதம் வந்தது.

இப்போது அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து கூரையில் சாத்தினார். இரண்டு படி ஏறி எட்டிப் பார்த்தார்.

"என்னங்க அது? காக்காயா?"

"காக்காய்க்குச் சக்கரம் இருக்குமா? இந்தா, பிடி."

மேலிருந்து ஒரு விமானம் இறங்கி வந்தது. கைக்குழந்தை நீள உடம்பு. இரண்டு ஆள் கை விரித்த அகலமாக இருக்கும்போலத் தோன்றியது, மேசையில் வைத்தபோது நாலரை அடிதான் இருந்தது இறக்கை. மஞ்சள் நிறம். ஒரு பக்கம் மேலுறை கிழிந்து, உள்ளே மெல்லிய மரச்சட்டங்கள் மீன் முள் போல வரிசையாகத் தெரிந்தன.

தெருமுனையிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். கழுத்தில் வாரில் தொங்கும் ரிமோட் பெட்டி, தோளில் ஒரு பை, ஒரு காலில் மட்டும் செருப்பு.

"ஐயையோ, யாருக்காவது அடிபட்டுச்சா?"

"ஒரு தலையணை உறைக்குத்தான் பலமான அடி" என்றாள் இஸ்திரியக்கா. அப்போதுதான் அவளுக்குப் புகை நாற்றம் தெரிந்தது. "நீங்க பல் டாக்டரம்மா இல்ல? உங்க வெள்ளைக் கோட்டு உள்ளதான் தொங்குது."

"நானேதான் அக்கா. பின்னாடி லாரி நிறுத்துற மைதானத்துல பறக்க விட்டுட்டு இருந்தேன். காத்து கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடுச்சு."

டிரைவர் விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதத்தில் அவர் இவ்வளவு நேரம் ஒரு பொருளைப் பார்த்ததில்லை.

"இதுக்கு ஸ்டீரிங் எங்க?"

"இறக்கை ஓரத்துல ஆடுது பாருங்க, இந்தத் துண்டுதான். இது ஏறினா அது இறங்கும். உடனே விமானம் சாயும், சாஞ்சா திரும்பும்."

"சாஞ்சாதான் திரும்புமா? பஸ்ஸு திரும்பினாதான் சாயும்" என்றார் டிரைவர். பல் டாக்டர் சிரித்தாள். இஸ்திரியக்கா சிரிக்கவில்லை. அவர் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசியதை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கிழிந்த மேலுறைக்கு மாற்று, டாக்டரின் பையிலேயே சுருளாக இருந்தது. கண்ணாடித்தாள் போல ஒன்று. சட்டங்களின் மேல் போர்த்தி இஸ்திரிப் பெட்டியால் ஒத்தினால் ஒட்டிக்கொள்ளும். மறுபடி லேசாகச் சூடு காட்டினால் சுருங்கி விறைத்துக்கொள்ளும்.

"சூடு கூடினா ஓட்டை, குறைஞ்சா சுருக்கம். எனக்கு என்னிக்கும் வந்ததே இல்ல. என் விமானம் பாதி நாள் கசங்கின சட்டை போட்டுக்கிட்டுத்தான் பறக்கும்" என்றாள் டாக்டர்.

"தள்ளுங்க" என்றாள் இஸ்திரியக்கா.

பெட்டியின் அடியில் பழைய பனியன் துணியைச் சுற்றினாள். கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சூட்டைப் பார்த்தாள். முதலில் ஓரங்கள், பிறகு நடு. பெட்டியை இழுக்கவில்லை, ஒத்தி ஒத்தி எடுத்தாள். கால் மணி நேரத்தில் இறக்கை தம்பட்டம் போல விறைத்து நின்றது. டிரைவர் விரலால் சுண்டினார். டொம் என்றது.

டாக்டரும் ஒருமுறை சுண்டிப் பார்த்தாள். "அக்கா, நீங்க பல் கட்டுற வேலைக்கு வந்திருக்கணும். அடுத்த ஞாயிறு ரெண்டு பேரும் மைதானத்துக்கு வாங்க. சாருக்கு ஓட்டச் சொல்லித் தர்றேன்."

"எனக்கா? நான் இனிமே எதையும் ஓட்டுறதா இல்ல" என்றார் டிரைவர். ஆனால் அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்கே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவர் அவர்தான்.

மைதானம் லாரிகள் கைவிட்டுப் போன இடம். எண்ணெய்க் கறை ஊறிய தரை, ஓரமெல்லாம் முட்புதர், ஒரு மூலையில் விளக்கில்லாத விளக்குக் கம்பம். வெயில் ஏறுவதற்கு முன் அங்கே காற்று அசையாமல் கிடக்கும். இஸ்திரியக்கா ரொட்டியும் அவித்த முட்டையும் பிளாஸ்க் நிறைய டீயும் எடுத்து வந்து, புதர் நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள்.

டாக்டர் இரண்டு ரிமோட் பெட்டிகளை ஒரு ஒயரால் இணைத்தாள். ஒன்று அவளுக்கு, ஒன்று அவருக்கு.

"நான் இந்தப் பொத்தானை அமுக்கிட்டு இருக்கிறவரைக்கும் விமானம் உங்க கையில. விரலை எடுத்தா என் கைக்கு வந்துடும்."

"டிரைவிங் ஸ்கூல் கார்ல வாத்தியாருக்கும் ஒரு பிரேக் இருக்கிற மாதிரி."

"அதேதான். வலது கைக் குச்சி சாய்க்கிறதுக்கும் மூக்கைத் தூக்குறதுக்கும். இடது கைக் குச்சி வேகத்துக்கு. மேல தள்ளினா வேகம்."

"இடது கையில ஆக்சிலேட்டரா? சரி, கால்ல இருந்தது கைக்கு வந்திருக்கு. பதவி உயர்வு."

"அப்புறம் ஒரே ஒரு சட்டம். பறக்கும்போது யாரும் போன் எடுக்கக் கூடாது."

"எங்க டிப்போவுலயும் அதே சட்டம்தான் டாக்டரம்மா. போன வருஷம் ஒருத்தன் போன் பேசிக்கிட்டே வண்டிக்கு வழி காட்டினான். அன்னிக்கே சீட்டைக் கிழிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பத்து நிமிஷம்கூட விசாரிக்கல."

பின்னால் பிளாஸ்க் மூடி உருண்டது. இஸ்திரியக்கா அதைத் தேடிப் புதருக்குள் கையை விட்டாள். வெளியே வந்தபோது கை முழுக்க முள் கீறல்.

விமானத்தை டாக்டரே மேலே ஏற்றினாள். "கீழ பறந்தா தப்பைத் திருத்த நேரம் இருக்காது. அதனால ரெண்டு தப்புக்கு இடம் வச்சுக்கிட்டு உயரத்துலயே இருக்கணும். இப்ப நீங்க ஓட்டுங்க."

"பஸ்ஸுக்கு அந்த வசதி இல்ல. தரையோட தரையா ஒரே ஒரு தப்புதான்" என்றார் டிரைவர்.

விமானம் குடிகாரன் போல ஆடியது. ஐந்து நிமிடத்தில் அவர் நெற்றியெல்லாம் வியர்வை.

"உடம்புக்கு ஒண்ணும் தெரியல டாக்டரம்மா. பஸ்ஸுல ரோடு எப்படி இருக்குன்னு சீட்டு சொல்லும். இதுல நின்னுக்கிட்டு ஓட்டச் சொன்னா, பின்பக்கத்துக்குச் சேதியே வர மாட்டேங்குது."

மறுவாரம் அவர் சமையலறை முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மைதானத்தின் நடுவே அதைப் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். விமானம் அமைதியாயிற்று. பெரிய வட்டங்களாக, குலுங்காமல், நிறைமாதப் பெண் யாரோ உள்ளே உட்கார்ந்திருப்பது போல ஓட்டினார்.

"இவ்வளவு பதமா ஓட்டுற ஆளை நான் பாத்ததில்ல" என்றாள் டாக்டர்.

"பின் சீட்டுல தூங்கிட்டு வர்றவங்க எழுந்திடக் கூடாதுல்ல."

ஆனால் விமானம் தன்னை விட்டு விலகிப் போகும்வரைதான் அந்த நிதானம். திரும்பித் தன்னை நோக்கி வரும்போது இடம் வலமாகிவிடும், வலம் இடமாகிவிடும். நிமிர்த்த வேண்டிய பக்கத்தை அவர் இன்னும் சாய்ப்பார். டாக்டர் பொத்தானிலிருந்து விரலை எடுத்து விமானத்தை வாங்கிக்கொள்வாள்.

"கண்ணாடியைப் பாத்து வேலை செய்யற மாதிரிதான் இது. மேல் பல்லை நான் சின்னக் கண்ணாடியிலதான் பாப்பேன். படிக்கும்போது ஆறு மாசம் டிரில்லை எதிர்ப் பக்கமே கொண்டு போனேன்."

"யாரு வாயில?"

"பயப்படாதீங்க, பொம்மை வாயில."

மூன்றாம் ஞாயிறு அது நடந்தது. விமானம் தாழ்வாக அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. நேர் வழியில் விளக்குக் கம்பம். டாக்டர் பதறிக் கத்தினாள்.

"ரைட்! ரைட்!"

டிரைவரின் இடது கட்டை விரல் குச்சியை மேலே ஒரே தள்ளாகத் தள்ளியது. விமானம் அலறிக்கொண்டு கம்பத்தை நோக்கிப் பாய்ந்தது. டாக்டர் வாங்கித் திருப்பினாள். வால் புதரைச் சீவிக்கொண்டு போயிற்று.

"திருப்பச் சொன்னா நீங்க ஏன் சார் வேகத்தைக் கூட்டுறீங்க?"

"நீங்கதான ரைட்டுன்னீங்க?"

"ரைட்னா வலது!"

"ரைட்டுன்னா போலாம்!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டாக்டருக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். டிரைவரும் சிரித்தார். மூன்று மாதத்துக்கு அப்புறம் வந்த சிரிப்பு. அது பாதியில் நின்றது. அவர் பெட்டியை மெல்ல முக்காலியில் வைத்துவிட்டு, வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

அன்று மத்தியானம் இஸ்திரி அறைக்கு வந்து, துணி மூட்டை மேல் உட்கார்ந்தார். அவள் விடுதி விரிப்பு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தகரம் காய்ந்து அறை அடுப்பாக இருந்தது.

"உங்கண்ணன் பொய் சொல்லலைன்னு நினைக்கிறேன்" என்றார்.

பெட்டி நின்றது. பதினைந்து வருடத்தில் இரண்டாவது கறை விழுவதற்குள் அவள் அதைத் தூக்கிவிட்டாள்.

"டாக்டரம்மா இன்னிக்குப் பக்கத்தைத்தான் சொன்னாங்க. என் காதுல போலாம்னு விழுந்துச்சு. அன்னிக்கும் அப்படித்தான் நடந்திருக்கும். வாய் தவறிப் பக்கத்தைச் சொல்ல ரைட்டுன்னிருப்பான். நான் ஒரு நொடி யோசிச்சிருந்தா அவன் கால் தப்பிச்சிருக்கும். மூணு மாசமா அவனைப் பொய்யன் பொய்யன்னு திட்டிட்டு இருக்கேன். தப்பு என் காதுல."

"அவசரப்பட்டு எதையும் முடிவு பண்ணாதீங்க."

"என்ன அவசரம்? அடுத்த வாரம் திங்கக்கிழமை கடைசி விசாரணை. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், இனிமே எனக்கு ஸ்டீரிங் வேணாம், ஸ்டோர் ரூம்ல உட்கார வையுங்கன்னு எழுதிக் குடுத்துடப் போறேன். போல்ட்டு நட்டு எடுத்துக் குடுத்தா யார் காலும் போகாது."

"வண்டி ஓட்டாம உங்களால இருக்க முடியுமாங்க?"

அவர் மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தார். வேறு ஏதோ நினைவு வந்தவர் போலக் கேட்டார். "ஏன், இந்த வீட்டுல மீன் வாசனையே காணோம் கொஞ்ச நாளா? முன்ன வாரம் ரெண்டு தடவை பொரிப்ப."

"துணியில வாசனை ஏறிடுதுன்னு விடுதியில சொல்றாங்க."

"பதினஞ்சு வருஷமா ஏறாத வாசனையா?"

மேசை ஓரத்தில் அவள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். அண்ணன். அப்படியே கவிழ்த்து வைத்தாள். இப்போதெல்லாம் அவள் யாருக்கும் போன் செய்வதில்லை, வந்தாலும் எடுப்பதில்லை. விடுதிக்காரரிடம்கூட, "எதுவா இருந்தாலும் ஆளை அனுப்புங்க" என்று சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை, தேய்த்த கோட்டை வாங்க வந்த டாக்டரிடம் அவளே விஷயத்தைச் சொன்னாள், பாதி மட்டும். விபத்து, காகிதம், ஸ்டோர் ரூம்.

"அக்கா, அவர் காதுல ஒண்ணும் தப்பில்ல. நான்தான் அவர் பாஷையில பேசலை" என்றாள் டாக்டர். "டிப்போவுல பக்கத்தை எப்படிச் சொல்லுவாங்கன்னீங்க?"

"கதவுப் பக்கம், டிரைவர் பக்கம்."

"பஸ்ஸுக்குக் கதவு இடது பக்கம்தான? என்கிட்ட சிவப்பு மேலுறை இருக்கு. இடது இறக்கையோட நுனிக்கு ஒட்டித் தர்றீங்களா? அதுதான் இனிமே கதவு."

அன்று சாயங்காலம் இஸ்திரியக்கா சிவப்பை ஒட்டினாள். மூன்று முறை பெட்டியைச் சூடாக்கி மூன்று முறை ஆறவிட்டாள். கடைசியில் ஒரு சுருக்கம் விழுந்தே விட்டது. அவள் அதை எடுக்கவில்லை.

ஞாயிறு வந்தது. மறுநாள் பத்து மணிக்கு விசாரணை. டிரைவரின் சட்டைப் பையில் எழுதின காகிதம் நாலாக மடித்து இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்று காலையில் அவள்தான் சொல்லியிருந்தாள். வீட்டில் இருந்த மூன்று பேனாக்களும் அவளுடைய அரிசி டப்பாவில் இருந்தன.

"இன்னிக்குத்தான் கடைசி" என்று முக்காலியைப் போட்டார். "இதையும் ஓட்டிப் பாத்துட்டோம்னு ஆச்சு."

"பாப்போம் சார். கதவுப் பக்கம் சிவப்பு, ஞாபகம் இருக்கட்டும்."

விமானம் ஏறியது. போயிற்று, திரும்பியது, நேரே அவரை நோக்கி வந்தது.

"கதவுப் பக்கம்!" என்றாள் டாக்டர்.

விமானம் சிவப்பு நுனியைச் சாய்த்து அழகாகத் திரும்பியது.

"டிரைவர் பக்கம்!"

திரும்பியது. டிரைவர் முதுகை நிமிர்த்தினார். அவர் இப்போது முக்காலியில் இல்லை. அந்த மஞ்சள் உடம்புக்குள் ஏறி உட்கார்ந்திருந்தார். உள்ளே உட்கார்ந்தவனுக்கு விமானம் எந்தப் பக்கம் பார்த்து வந்தால் என்ன, கதவு கதவுப் பக்கத்தில்தானே இருக்கும்? எட்டுப் போட்டார். கம்பத்தைச் சுற்றி வந்தார். இரண்டு முறை தரைக்கு இறக்கிச் சக்கரம் தொட்டு நிறுத்தினார். இரண்டாவது முறை தூசிகூடக் கிளம்பவில்லை.

"அக்கா, பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று டாக்டர் குதித்தாள்.

இஸ்திரியக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில்தான் காரணம் என்பது போல வானத்தைப் பார்த்தாள்.

"இந்த ஒயர் இனி எதுக்கு?" டாக்டர் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவிலிருந்த ஒயரைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். முழுப் பெட்டியை அவர் மடியில் வைத்தாள். "இப்ப வாத்தியாருக்குப் பிரேக் கிடையாது. எல்லாம் நீங்கதான்."

அவர் தானே ஏற்றினார். ஐந்து வட்டம். காற்றில் மோட்டார் சத்தம் மட்டும் தையல் மிஷின் போல ஓடிக்கொண்டிருந்தது. ஆறாவது வட்டத்தில் வேகத்தைக் குறைத்தார். விமானம் இறங்கத் தொடங்கியது. தென்னை உயரம். ஆள் உயரம். இடுப்பு உயரம்.

டாக்டரின் போன் அடித்தது. முதலில் எடுக்கவில்லை. நின்று மறுபடி அடித்தது. முந்தின நாள் பல் பிடுங்கிக்கொண்டு போனவருக்கு இரத்தம் நிற்கவில்லை. அவள் நாலு எட்டுப் பின்னால் தள்ளி நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டு மெதுவாகத்தான் பேசினாள். பேசி முடிக்கும்போது மட்டும் சத்தம் கொஞ்சம் தூக்கிவிட்டது.

"ரைட்டு, இதோ வர்றேன்!"

டிரைவரின் இடது விரல் குச்சியை மேலே தள்ளியது.

தரையைத் தொட இருந்த விமானம் திடுக்கிட்டது போல மூக்கைத் தூக்கி, செங்குத்தாக எழும்பி, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, புரண்டு விழுந்தது. மரச்சட்டம் முறியும் சத்தம் சுள்ளி ஒடிப்பது போலக் கேட்டது. சிவப்பு நுனி தனியாகத் தெறித்து இஸ்திரியக்காவின் சாக்குக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

டாக்டர் போனைப் பிடித்தபடியே ஓடிவந்தாள். "ஐயோ சார்! நான் உங்களுக்குச் சொல்லலை! போன்ல சொன்னேன் சார், போன்ல! என் சட்டத்தை நானே மீறிட்டேன்."

"உங்க மேல தப்பில்ல டாக்டரம்மா. நல்லதாப் போச்சு." டிரைவர் எழுந்தார். முகத்தில் கோபமே இல்லை. "இது மரம், ஒட்டிக்கலாம். யாரோ எங்கேயோ ரைட்டுன்னா என் கை கிளம்பிடுது. இந்தக் காதை வச்சுக்கிட்டு அம்பது பேரை ஏத்தலாமா? மச்சான் என்னைக் காட்டிக் குடுக்கல. இந்தக் காதுதான் காட்டிக் குடுத்துச்சு."

சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தார். முக்காலியில் வைத்து நீவினார்.

"பேனா இருக்கா டாக்டரம்மா? இங்கயே போட்டுடறேன்."

டாக்டர் தன் பையில் கையை விட்டாள்.

"குடுக்காதீங்க" என்றாள் இஸ்திரியக்கா.

இருவரும் திரும்பினார்கள். அவள் ஒடிந்த சிவப்புத் துண்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். சுருக்கம் விழுந்திருந்த இடத்தைக் கட்டை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"ஏன்?" என்றார் டிரைவர்.

"உங்க காது சரியாத்தான் கேட்டுச்சு. அண்ணன் பக்கத்தைச் சொல்லவே இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்? நீயா அங்க நின்ன?"

அவள் தலையைத் தூக்கவில்லை. டாக்டர் கையில் பேனா பாதி வெளியே வந்தபடி நின்றது.

"நீங்க வண்டியில இருக்கும்போது போன் எடுக்க மாட்டீங்களேன்னு, அன்னிக்குச் சாயங்காலம் அண்ணனுக்குப் போட்டேன். மீன் பொரிச்சு வச்சிருக்கேன், ரெண்டு பேரும் நேரா வீட்டுக்கு வந்துடுங்கன்னேன். காதுல போனை வச்சுக்கிட்டேதான் உங்களுக்கு வரலாம் வரலாம்னு சொல்லிட்டு இருந்தாரு. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்னு ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. நானும் வாயை மூடிக்கிட்டேன்."

டிரைவர் கையிலிருந்த காகிதம் காற்றில் படபடத்தது.

"அப்ப அந்த ரைட்டு?"

"அது உங்களுக்குச் சொன்னதில்லீங்க. எனக்குச் சொன்னது."